ஏஐ: சிலர் ஏன் விடமாட்றாங்க, சிலர் ஏன் தொடமாட்றாங்க?

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சீசன் வந்தாச்சு. ஹாஸ்டல்ல ரெண்டு கட்சி. ஒண்ணு, சாட்ஜிபிடி இல்லாம ஒரு பாரா எழுதாது. இன்னொண்ணு, அந்தப் பக்கமே போகாது. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வெளிவந்தது. ஐந்தே நாளில் பத்து லட்சம் பேர் சேர்ந்தார்கள். இதுக்கெல்லாம் சோம்பேறித்தனம்தான் காரணம்னு சொல்லிட முடியாது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படிச்சவங்களுக்கு இங்கே புக், லெக்சர், எக்ஸாம் எல்லாமே இங்கிலீஷ். கிளாஸில் எழுந்து "புரியல சார்"னு சொல்லக் கூச்சம். அதே சந்தேகத்தை ராத்திரி பதினோரு மணிக்குப் பத்து தடவை கேட்டாலும் ஏஐ முகம் சுளிக்காது, தமிழிலேயே விளக்கும்.

அப்போ தவிர்ப்பவங்க ஏன் தவிர்க்கிறாங்க?

முதல் காரணம், நம்பிக்கை. அடிப்படையில் ஏஐ செய்வது, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம்னு கணிக்கும் வேலை. அதனாலதான் இல்லாத ஆய்வுக் கட்டுரைக்குக்கூட தலைப்பு, ஆசிரியர், வருஷம் எல்லாம் கச்சிதமா எழுதிக் கொடுக்கும்.

ரெண்டாவது, வைவா. கோட் ரன் ஆகிடும். "இந்த லூப் எதுக்கு?"னு கேட்டா பதில் நம்மகிட்டதான் இருக்கணும்.

மூணாவது, மாட்டிக்குவோமோங்கிற பயம். நாமே எழுதினாலும் இந்தப் பயம் போகாது. 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு ஏஐ டிடெக்டர்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய டோஃபல் கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று தவறாகக் காட்டின. காரணம் எளிது: தெரிஞ்ச சொற்களை வைத்து எழுதும்போது அடுத்த சொல்லை ஊகிப்பது சுலபம். டிடெக்டர் தேடுவதும் அதைத்தான். ஓப்பன்ஏஐ தன் சொந்த டிடெக்டரையே, துல்லியம் போதாதுன்னு 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது.

ஆக, ஏஐ உதவி யாருக்கு ரொம்பத் தேவையோ, அவங்க மேலதான் சந்தேகமும் சுலபமா விழுது.

என்ன செய்யலாம்? விளக்கம் கேளுங்க, விடையைக் கேட்காதீங்க. படிச்சு முடிச்சதும் டேப்பை மூடிட்டு உங்க வார்த்தையில் எழுதுங்க. கூகுள் டாக்ஸில் எழுதினா வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கும். நீங்க எழுதி அடிச்சுத் திருத்தினதுக்கு அதுவே சாட்சி.

பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சாஃப்ட்வேர் காட்டும் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க. கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேளுங்க. எழுதினவங்களுக்குப் பதில் தெரியும்.