வாடகை வீடும் காப்பீடும்

முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளியில் கணக்குக் கற்பித்தவன் நான். இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒருவகையில் கணக்கேயாகும்.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததை அறிவீர்கள். அடையாற்றை அடுத்த ஒரு தெருவில், என் பழைய மாணவன் ஒருவன் தன் தாயாருடன் வாடகைக்குக் குடியிருந்தான். நீர் வடிந்தபின் அவனைக் காணச் சென்றேன். அந்த அம்மையார் தைத்துப் பிழைத்துவந்த தையல் இயந்திரம் சேற்றிலே கிடந்தது. "வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் செய்திருக்கிறாராம், சார். எங்களுக்கும் ஏதாவது கிடைக்குமா?" என்று வினவினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் காப்பீடு செய்திருந்தது தமது கட்டடத்தை மட்டுமே. சுவர் வீட்டுக்காரருடையது, சுவருக்குள் உள்ள பண்டங்கள் குடியிருப்பவருடையவை. அவற்றைக் காக்கும் பொறுப்பும் குடியிருப்பவரையே சாரும்.

அதற்கு வழி உண்டா? உண்டு. வீட்டுப் பொருள்களை மட்டும் தனியே காப்பீடு செய்துகொள்ளலாம். 2021 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பாலிசி இதற்கு இடமளிக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் முதலியவற்றால் நேரும் இழப்புகள் இதில் அடங்கும்.

எவ்வளவு தொகைக்குக் காப்பீடு செய்வது? இங்கேதான் கணக்கு வருகிறது. உங்கள் பொருள்களின் மதிப்பு 2 லட்சம் ரூபாய் என்க. பிரீமியத்தைக் குறைக்க எண்ணி 1 லட்சத்திற்கே காப்பீடு செய்கிறீர்கள். பின்னர் 50,000 ரூபாய் அளவுக்குச் சேதம் நேர்கிறது. விகிதமுறையைப் பின்பற்றும் பாலிசியாயின், பாதி மதிப்புக்கே காப்பீடு செய்தமையால் பாதி இழப்பாகிய 25,000 ரூபாயே தருவர். முன்சொன்ன பாலிசியில் இவ்வாறு குறைப்பதில்லை; எனினும் காப்பீட்டுத் தொகைக்கு மேல் ஒரு காசும் வாராது. ஆகவே, அறை அறையாகச் சென்று பொருள்களையும் அவற்றின் இன்றைய விலையையும் பட்டியலிடுங்கள். பட்டியலையும் ரசீதுகளையும் வேறோரிடத்தில் வைத்திருங்கள். வெள்ளம் வந்தால் அவையும் நனைந்துவிடும் அன்றோ?

எவை அடங்கும் என்பதினும் எவை அடங்கா என்பதையே முதலில் படித்தல் வேண்டும். ரொக்கப் பணமும் பத்திரங்களும் பொதுவாக அடங்குவதில்லை. நகைகளுக்குத் தனியே கூடுதல் காப்பீடு தேவை. திருட்டைப் பொறுத்தவரை, வெள்ளம் போன்ற விபத்தின் விளைவாக ஏழு நாள்களுக்குள் நிகழ்ந்ததையே இப்பாலிசி ஏற்கும். மற்றைத் திருட்டுகளுக்குத் தனிப் பாலிசி வேண்டும். பிழைப்புக்குரிய கருவி வீட்டில் இருப்பின், அதுவும் அடங்குமா என்பதை முன்னரே எழுத்து மூலம் கேட்டறியுங்கள். மலிவு ஒன்றையே நோக்கிப் பாலிசியைத் தேர்ந்தெடுக்கலாகாது. நமக்கு எந்த ஆபத்து அண்மையில் உள்ளதோ அதைக் காப்பதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

அந்த அம்மையார் தவணை முறையில் புதிய இயந்திரம் வாங்கினார். கடன் அடைய நெடுநாளாயிற்று. மகன் இப்போது வேறொரு வாடகை வீட்டில் இருக்கிறான். சென்ற ஆண்டு தன் பட்டியலை என்னிடம் காட்டினான். அதில் முதல் வரியிலேயே தையல் இயந்திரம் இருந்தது. உங்கள் வீட்டுப் பட்டியலில் முதல் வரி எது என்பதை இன்றிரவு பெற்றோருடன் அமர்ந்து எழுதிப் பாருங்கள்.