நீர்க்கரை மக்கள் – 7: அணையின் தலைமாட்டில் வாழ்வோர்

கர்நாடகத்தின் மலைக்காடுகளைக் கடந்து வரும் காவிரி, பிலிகுண்டுலுவில் தமிழக எல்லையை அடைந்து, ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே பல அருவிகளாக விழுந்து, பின்னர் மலையிடுக்குகளின் வழியே தெற்கு நோக்கி இறங்குகிறது. மேட்டூர் அணை நிரம்பும் காலங்களில் அதன் நீர் பின்னோக்கி ஏறித் தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டாரத்தின் நாகமரை, ஒட்டனூர் ஆகிய ஊர்களின் கரைகளில் தேங்கி நிற்பதால், தலைமுறை தலைமுறையாக ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்கள், இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குள் ஒரு பெருநீர்த்தேக்கத்தின் கரை மக்களாயினர். காவிரியின் வரலாறு பெரும்பாலும் தஞ்சை வயல்களில் நின்றே எழுதப்பட்டிருக்க, அதன் மறுபாதி இக்கரைகளில் எழுதப்படாமல் கிடக்கிறது.

மைசூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே 1924-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணையின் கட்டுமானம் 1934-இல் நிறைவுற்று, அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கம் பெற்றது. இதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). இந்நீர் நிற்பதற்கான இடத்தைப் பள்ளத்தாக்கின் ஊர்களும் வயல்களும் கோயில்களும் விட்டுக்கொடுத்தன. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பகுதியில் பழைய சிவன் கோயிலின் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளிப்படுவது, அங்கிருந்து மேட்டுநிலங்களுக்குக் குடிபெயர்ந்தவர்களின் ஊர் இருந்ததற்கு இன்றும் நிற்கும் சான்றாகும்.

புதிய கரை மக்களின் வாழ்க்கைக்கு நாள்காட்டியை வகுப்பது வானம் மட்டுமன்று. காவிரி டெல்டாவின் பாசன முறையும்கூட. குறுவை நெற்பயிருக்காக வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படும் அணை ஜனவரி 28-ஆம் நாள் வரை பாசனத்துக்கு நீர் அளித்து மூடப்படுகையில், நீர் வடிந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் வண்டல் படிந்த நிலம் வெளிப்படுகிறது. அதில் உழவர்கள் கேழ்வரகு, சோளம், நிலக்கடலை போன்ற குறுகிய காலப் பயிர்களை விதைத்து, கர்நாடக அணைகள் நிரம்பி உபரிநீர் வருவதற்குள் அறுவடையை முடிக்க முனைகின்றனர். வெள்ளம் முந்திவிட்டால் கதிர் முற்றிய பயிரும் நீருக்கடியில் போய்விடும். அரசுக்குரிய அந்நிலத்தில் உழைப்பு மட்டுமே உழவருக்கு உரியது என்பதால், அவ்வாண்டு முழுவதும் அவர்கள் பட்ட பாடு நீர்மட்டத்தின் சில அடி ஏற்றத்தில் கரைந்துவிடுகிறது.

போக்குவரத்தும் நீரையே நம்பியுள்ளது. தருமபுரிக் கரையின் நாகமரைக்கும் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்கும், ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் இடையே பரிசல்களும் விசைப்படகுகளும் இயங்குகின்றன. சாலை வழியாகச் செல்வோர் அணையைச் சுற்றி நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டும். பரிசல் என்பது மூங்கிலைப் பிளந்து பட்டைகளாகச் சீவி, வட்டக் கூடையாகப் பின்னி, அடிப்பகுதியில் நீர் புகாத உறையிட்ட மிதவையாகும். முற்காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தப்பட்ட இடத்தில் இன்று பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்துள்ளன. முன்பின் என்ற பக்கம் இல்லாத இக்கலம் சுழலாமல் நேர்கோட்டில் செல்வது, ஒற்றைத் துடுப்பை நீரில் மாற்றி மாற்றி இழுக்கும் பரிசல்காரரின் கைப்பழக்கத்தைப் பொறுத்ததே. மீனவர்களும் இதே பரிசலில் மாலையில் வலைவிரித்து விடியலில் எடுக்கின்றனர். ஆற்றோட்டத்தில் வளர்ந்த மீன்களோடு, மீன்வளத் துறை நீர்த்தேக்கத்தில் விடும் கட்லா, ரோகு, மிர்கால் போன்ற வளர்ப்பு மீன்களும் இன்று அவர்களின் பிழைப்பாகியுள்ளன.

இக்கரைக்குப் பின்னாலிருக்கும் மாவட்டத்தின் நிலைமையையும் சேர்த்தே இவ்வரலாற்றை நோக்க வேண்டும். தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால், பற்களில் பழுப்புக் கறையும் எலும்புகளில் முடக்கமும் உண்டாக்கும் ஃபுளோரோசிஸ் நோய் பல தலைமுறைகளைத் தாக்கியது. காவிரி இம்மாவட்டத்தின் எல்லையிலேயே ஓடியும், அதன் நீர் வீடுகளுக்குக் கிடைக்க, ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்படும் வரை மக்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அணை டெல்டாவுக்கு நீரை உறுதிசெய்து ஏறத்தாழ எண்பதாண்டுகள் கழிந்த பின்னரே அந்நீர் அணைக்கு மேலுள்ளவர்களின் குடத்தை எட்டியது.

பிலிகுண்டுலு நீரளவை நிலையத்தில் அளக்கப்படும் நீரே மாநிலங்களுக்கிடையிலான காவிரி நீர்க் கணக்குக்கு அடிப்படை. 2018-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் அங்கு வந்துசேர வேண்டும் என வரையறுத்தது. அக்கணக்கில் விளைநிலமும் நகரங்களும் இடம்பெறுகின்றன. வண்டலில் விதைப்பவரும் துறையில் துடுப்பிடுபவரும் இடம்பெறுவதில்லை. நீர்ப்பிடிப்புப் பகுதி உழவர்க்கு வெள்ளத்தை முன்னறிவிக்கும் உறுதியான ஏற்பாடும், இரு கரைகளையும் இணைக்கும் பாலமும் கிடைப்பது, காவிரி நீரின் பங்கீட்டைப் போன்றே நீதி சார்ந்த கடமையாகும். டெல்டாவின் நெல் விளைவதற்காகத் தம் நிலத்தை நீருக்குக் கொடுத்தோரின் வழித்தோன்றல்கள் என்ற வகையில், இவற்றைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

(தொடரும்)