சீப்பின் மேல் ஏறிய ரயில்

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த ரயில் பைத்தியம்?" என்று அம்மா திட்டாத நாளில்லை. மேட்டுப்பாளையத்தில் பிறந்துவிட்டு ரயிலைப் பார்க்காமல் இருப்பதாவது! ஊட்டி வண்டி கிளம்பும்போது வேலியோரம் நின்றுவிடுவேன். இன்ஜின் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும்.

வீட்டில் பலகையைச் சாய்த்து, தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் விடுவேன். எல்லாம் சறுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். பெட்டியில் நின்று பிரேக் பிடிக்கும் மாமா ஒருவரிடம் கேட்டேன். கல்லாறு முதல் குன்னூர் வரை அதிகபட்சம் 12 அடிக்கு 1 அடி ஏற்றமாம். தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இன்ஜின் கீழ்ப்பக்கம் இருப்பதால், கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு ஓடாது. 1899-லிருந்தே இந்த ஏற்பாடுதான்.

பிறகென்ன, அம்மாவின் சீப்பு பலகைக்குப் போயிற்று, பல் மேலே தெரிய. பழைய அலாரம் கடிகாரத்தின் பல்சக்கரத்தைத் தீப்பெட்டியின் அடியில் இறுக்கிப் பொருத்தினேன். ரயில் சறுக்காமல் நின்றது! ஆனால் பாதி ஏற்றத்தில் சீப்பு தீர்ந்துவிட்டது.

முதுகில் நாலு விழுந்தது. பலகையை அடுப்பில் வைக்கப் போனார் அம்மா. அப்பா வாங்கி, தாமே ஒரு தரம் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் கடைவீதியிலிருந்து வந்தவர் இரண்டு சீப்புகளைக் கொடுத்தார்.

"ஒண்ணு அம்மாவுக்கு. இன்னொண்ணு குன்னூர் வரைக்கும், கண்ணு."