திருகையில் அரைத்த ஏரி

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் சூரிக்கில் வேலை பார்க்கிறாள். ஜூலையில் அவளோடு மூன்று வாரம் இருக்கப் போகிறார்கள். “ஒரு நாள் எங்களுக்கென்று லீவு போட்டிருக்கிறாள். இசெல்ட்வால்ட் என்ற ஏரிக்கரைக் கிராமத்துக்குப் போகலாம் என்கிறாள். போட்டோவில் அந்த ஏரி, மயில்கழுத்துப் பட்டில் கொஞ்சம் பால் ஊற்றினாற்போல் இருக்கிறது. தண்ணீர் அப்படி இருக்குமா, கம்ப்யூட்டரில் ஏற்றிய நிறமா? நிஜம்தான் என்றால் எத்தனை மணிக்குப் போனால் தெரியும்?”

நிறம் நிஜம். போட்டோக்களில் பல, அதைக் கூட்டிக் காட்டுகின்றன. ஆனால் இல்லாததைக் காட்டவில்லை. கூடவே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: எல்லோரும் வரிசையில் நின்று படம் எடுக்கும் இடம், அந்த நிறத்தைப் பார்க்கச் சிறந்த இடம் இல்லை.

இசெல்ட்வால்ட், சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில் பிரியன்ஸ் ஏரியின் தெற்குக் கரையில் இருக்கிறது. மக்கள்தொகை நானூற்றுச் சொச்சம். ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ என்ற கொரியத் தொடரில் கதாநாயகன் இங்குள்ள சின்னஞ்சிறு மரத்துறையில் உட்கார்ந்து பியானோ வாசிப்பான். தொடர் 2019 கடைசியில் தொடங்கியது. கொரோனா ஓய்ந்ததும் கூட்டம் வந்தது. ஊர் தாங்கவில்லை. 2023-இல் துறையின் வாயிலில் சுழல்கதவு வைத்து ஆளுக்கு 5 ஃபிராங்க் வாங்க ஆரம்பித்தார்கள். ‘வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய சொர்க்கம்’ என்று எழுதுகிறவர்கள் அந்தப் பலகை மேடையை எழுதுகிறார்கள். அதைச் சுற்றியுள்ள தண்ணீரை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு ஆசை அந்தத் தண்ணீர் மேல்தான்.

தண்ணீருக்கு நிறமில்லை என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஒரு டம்ளர் அளவுக்கு அது சரி. ஆழம் கூடினால் தண்ணீர் நீலம். வானம் பிரதிபலிப்பதால் வருகிற நீலத்தைச் சொல்லவில்லை. மேகம் மூடிய நாளிலும் பிரியன்ஸ் ஏரி பசுநீலமாகவே இருக்கும். நீர் மூலக்கூறில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஓயாமல் அதிர்கின்றன. அந்த அதிர்வு சிவப்பு ஒளியை மெல்லத் தின்கிறது. சுத்தமான நீரில் ஒளி 10 மீட்டர் பயணம் செய்தால், உள்ளே போன சிவப்பில் (650 நானோமீட்டர்) 100-க்கு 3 பங்குதான் மிஞ்சும். பச்சையில் (550) 57 மிஞ்சும். நீலத்தில் (450) 91. பயணம் 40 மீட்டரானால் பச்சையும் பத்தாகச் சுருங்கிவிடும். நீலம் மட்டும் 70-க்கு அருகில் நிற்கும். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டிரியம் உள்ள கனநீரில் அதிர்வு மாறிவிடுவதால் இந்த நீலம் கிடையாது. ஒரு கடல் முழுக்கக் கனநீர் இருந்தாலும் அதற்கு இந்த நீலம் வராது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் உள்ளே போன ஒளி நம் கண்ணுக்குத் திரும்ப வேண்டுமே. தெளிந்த ஆழமான ஏரியில் பெரும்பகுதி ஒளி கீழே போய்க்கொண்டே இருந்து மறைகிறது. திரும்புவது கொஞ்சம், அதுவும் கருநீலமாக. பிரியன்ஸின் ஆழம் 260 மீட்டர்; அடித்தரையில் பட்டு எதுவும் மேலே வரப்போவதில்லை. வழியில் யாராவது ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்வது பாறை மாவு. தண்ணீரில் மிதக்கும் கல்தூள்.

இங்கே பல கட்டுரைகள் வழுக்கிவிடுகின்றன. ‘பாறைத் துகள் நீல ஒளியை மட்டும் சிதறடிக்கிறது, வானம் நீலமாவது போல’ என்று எழுதுகிறார்கள். வானத்தில் அதைச் செய்வது காற்று மூலக்கூறு. ஒளியின் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறியது. ஏரியில் மிதக்கும் துகள்களோ ஒன்றிரண்டு மைக்ரான், அலைநீளத்தைவிடப் பெரியவை. அவை நிறம் பார்ப்பதில்லை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி திருப்புகின்றன. நிறம் போடுவது தண்ணீர். எத்தனை மீட்டர் போய்விட்டுத் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்வது மாவு. மாவு குறைவென்றால் ஒளி ஆழம் போய், பச்சையையும் பறிகொடுத்துக் கருநீலமாக வரும். மாவு அளவாக இருந்தால் சில மீட்டரிலேயே திரும்பும். சிவப்பு மட்டும் போயிருக்கும், பச்சையும் நீலமும் கைகோத்து வரும். அதுதான் மயில்கழுத்து. மாவு மிகுந்துவிட்டால் ஒரு சாண் ஆழம்கூடப் போகாமல் வெள்ளை ஒளியே திரும்பும். தண்ணீர் சாம்பல் நிறமாகும். ஆக, ஏரியின் நிறம் என்பது ஒளி எவ்வளவு ஆழம் போய்த் திரும்பியது என்பதன் கணக்கு.

இந்த மாவை அரைத்தது யார்? ஏரிக்குக் கிழக்கே கிரிம்சல் கணவாய்ப் பக்கத்துப் பனியாறுகள். பாட்டி வீட்டுத் திருகையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கல் மலைப்பாறை. மேல்கல் பனியாறு. ஆனால் பனிக்கட்டி மெத்தென்ற பொருள், அதனால் கருங்கல்லைத் தேய்க்க முடியாது. பனியின் அடிப்புறத்தில் உறைந்து மாட்டிக்கொண்ட கற்கள்தான் தேய்க்கின்றன. கொத்திய திருகைக்கும் வழுவழுப்பான திருகைக்கும் உள்ள வித்தியாசம் நம் வீடுகளில் தெரியும். பனியாறு தன் அடியைத் தானே கொத்திக்கொள்கிறது. மேலே இருந்து பனியின் எடை அழுத்த, அது சரிய, கல்லும் கல்லும் உரசிப் பாறாங்கல், குருணை, ரவை, மாவு என எல்லா அளவிலும் விழுகிறது. கிரிம்சலில் இந்தத் திருகை, பாறையைச் சராசரியாக ஆண்டுக்கு 0.94 மில்லிமீட்டர் தேய்க்கிறது என்று அணைக்கட்டுகளில் படிந்த வண்டலை அளந்து கணக்கிட்டிருக்கிறார்கள்.

அரைத்தாயிற்று; இனி சலிக்க வேண்டும். இங்கே சல்லடை கிடையாது. கேழ்வரகை அரைத்துப் பால் எடுத்துத் தெளிய வைப்போமே, அந்த முறைதான். நீரில் துகள் மூழ்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து மைக்ரான் துகள், அசையாத குளிர்ந்த நீரில் ஒரு நாளைக்கு 5 மீட்டர் இறங்கும். ஏரியின் அடியை இரண்டு மாதத்துக்குள் தொட்டுவிடும். ஒரு மைக்ரான் துகள் நாளைக்கு 5 சென்டிமீட்டர்தான். 260 மீட்டர் இறங்க அதற்குப் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் வேண்டும். ஆனால் ஏரியின் தண்ணீரோ மூன்று ஆண்டுக்குள் மாறிவிடுகிறது. அந்த மாவு இறங்கவே நேரமில்லை. மிதந்தபடி வந்து, மிதந்தபடி ஒளியைத் திருப்பி, மிதந்தபடி பக்கத்துத் தூன் ஏரிக்குப் போய்விடுகிறது. குருணையையும் ரவையையும் பிரியன்ஸ் பிடித்துவைத்துக்கொள்வதால், தூன் அதைவிடத் தெளிவு.

இன்னொரு பானையும் நடுவில் இருக்கிறது. 1932-இல் கிரிம்சல் ஏரியின் அணை கட்டி முடிந்தது. பிறகு இன்னும் சில. மின்சாரத்துக்காக. இந்த அணைகளுக்குள் ஆண்டுக்குச் சராசரி 2,71,000 டன் கல்தூள் வருகிறது. அதில் 2,32,000 டன் அங்கேயே தங்கிவிடுகிறது. வெளியேறுவது 39,000 டன்; அதில் பெரும்பகுதி 4 மைக்ரானுக்குக் குறைந்த நயமான மாவு. நிறம் கொடுக்கிற சரக்கை மட்டும் அணை வெளியே விடுகிறது! ‘மனிதக் கை படாத இயற்கை வண்ணம்’ என்ற விளம்பர வரியை அதனால் நம்பாதீர்கள். மனிதக் கை பட்டதால் வண்ணம் பொய்யாகிவிடவும் இல்லை. கோடையில் சேர்த்த தண்ணீரைக் குளிர்காலத்தில் திறந்து மின்சாரம் எடுப்பதால், முன்பு குளிரில் தெளிந்துவந்த ஏரி இப்போது குளிரிலும் சற்றுப் பால்கலந்தே இருக்கிறது. கோடையில் முன்பைவிடச் சற்றுத் தெளிவு.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு இவ்வளவு: பனியுகத்தில் ஆரே பனியாறு குடைந்த பள்ளம் ஒன்று. பனி உருகியபின் அதில் நின்றது ஒரே ஏரி. தெற்கிலிருந்து லூட்சினே ஆறும் வடக்கிலிருந்து லொம்பாக் ஓடையும் வண்டல் கொட்டிக் கொட்டி நடுவில் அடைத்தன. அடைத்த மேட்டில் இன்டர்லாகன் நகரம். பெயரின் பொருளே ‘ஏரிகளுக்கு நடுவே’.

ஏரி இவ்வளவு சுத்தமாக நிறம் காட்ட இன்னொரு காரணம், அதில் பாசி குறைவு. பாசியும் மக்கிய இலைச் சாறும் நீல ஒளியைத் தின்றுவிடும். நம் ஊர்க் குளம் பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பது அதனால். பிரியன்ஸில் பாசிக்குத் தேவையான பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதற்கு மீனவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். 1999-இல் இங்கே மீன்பாடு சரிந்தது. மீனுக்கு இரையாகும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளும் காணாமல் போனது. அணைகளிலிருந்து வரும் கலங்கல்தான் காரணம் என்று பலர் நம்பினார்கள். பல ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து ஏரியை மலை முதல் அடித்தரை வரை அளந்தன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பால் பாஸ்பரஸ் குறைந்ததே முதன்மைக் காரணம் என்று வந்தது. ஏரி சுத்தமாகச் சுத்தமாக மீனுக்கு இரை குறைந்தது. அழகான தண்ணீர் பசித்த தண்ணீராகவும் இருக்கலாம் என்பதை அந்தக் கரையில் நிற்கும்போது நினைத்துக்கொள்வது அந்த மீனவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இப்போது எங்கே நின்று பார்ப்பது என்ற கேள்வி. தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால், மேற்பரப்பு வானத்தை 2 சதவீதம்தான் பிரதிபலிக்கும். நீங்கள் காண்பது தண்ணீரின் சொந்த நிறம். பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு ஏறும். அந்த மரத்துறையில் நிற்கும் ஒருவரின் கண், நீருக்கு மேல் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலையில்லாத நாளில் 15 மீட்டர் தள்ளியுள்ள நீரில் அவர் பார்க்கும் இடத்தில் வானத்தின் ஒளி மூன்றில் ஒரு பங்கு பிரதிபலிக்கிறது. 30 மீட்டர் தள்ளினால் பாதிக்கு மேல். காலடியில் மட்டும் மயில்கழுத்து, அப்பால் வானமும் மலையும். கண்ணாடிபோல் மலை தெரிய வேண்டுமென்றால் துறை நல்ல இடம். நிறம் வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும்.

ஏறுவதற்குக் கீஸ்பாக் இருக்கிறது. பதினான்கு படியாக விழும் அருவி. படகுத்துறையிலிருந்து மேலே இழுத்துச் செல்ல 1879-இல் ஓடத் தொடங்கிய கயிற்று ரயில். அது ஏற்றிவிடும் உயரம் 90 மீட்டருக்கு மேல். அங்கிருந்து 45 பாகைச் சரிவில் கீழே பார்த்தால் வானம் 3 சதவீதம்தான் குறுக்கிடும். மிச்சமெல்லாம் ஏரி.

நேரம்: சூரியன் உச்சியில் இருக்கும்போது ஒளி நீருக்குள் அதிகம் இறங்கும். கோடை நேரக் கணக்கினால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் மதியம் 1.30 வாக்கில். சூரிக்கிலிருந்து இன்டர்லாகன் ஓஸ்ட் நிலையத்துக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். ஸ்டேஷன் பக்கத்திலேயே படகுத்துறை. காலை எட்டு மணிக்குள் கிளம்பினால் பதறாமல் நடுப்பகலில் கீஸ்பாக்கில் இருக்கலாம். சாப்பிட்டு, நிறத்தை ஆசைதீரப் பார்த்து, பிறகு கரையோரக் காட்டுப்பாதையில் இசெல்ட்வால்டுக்கு நடக்கலாம். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். முழங்கால் வலி உள்ளவர்கள் படகிலேயே திரும்பி அங்கே இறங்கலாம். ஊரிலிருந்து பேருந்து இருபது நிமிடத்தில் இன்டர்லாகனில் விட்டுவிடும்.

ஜூலை நல்ல மாதம். பனி உருகி மாவு இறங்கும் காலம் அது. மே மாதம் வந்திருந்தால் ஏரி இன்னும் நீலமாக, தெளிவாக இருந்திருக்கும். முந்தின நாள் இடியுடன் கனமழை என்றால் ஆறு சேருமிடங்களில் சாம்பல் படரும். இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். 2022, 2023 இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. மேல்கல் சிறுத்துக்கொண்டே போகிறது. அது நின்றுபோனால் பிரியன்ஸ் தெளிந்த கருநீல ஏரியாகிவிடும். அவள் பேத்திகளுக்கு இந்த மயில்கழுத்தைப் போட்டோவில்தான் காட்ட நேரலாம். எனக்கு அது பெரிய வருத்தம்.

கையில் ஒரு போலராய்டு குளிர்க்கண்ணாடி இருக்கட்டும். பிரதிபலிப்பில் பெரும்பகுதியை அது வெட்டிவிடும். படகில் ஏறியதும் வலப்பக்கம் இடம் பிடியுங்கள். சற்று நேரத்தில் போனிகென் துறை வரும். அதன் பக்கத்தில்தான் லூட்சினே ஏரியில் கலக்கிறது. இந்த ஆற்றுக்கு அணை கிடையாது. லாட்டர்புருன்னன் பக்கத்து வெள்ளை லூட்சினேயும் கிரிண்டல்வால்ட் பக்கத்துக் கருப்பு லூட்சினேயும் சேர்ந்து கொண்டுவரும் குருணையும் ரவையும் மாவும் சலிக்காமல் அப்படியே வந்து விழும். சாம்பல் நிறம் எங்கே முடிகிறது, பசுநீலம் எங்கே தொடங்குகிறது என்று படகின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். தெளிய வைத்த கேழ்வரகுப் பாலின் மேல்நீர் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.