சணல் பூக்கும் தருணம்

தை மாதத்தில் அரிவு வெட்டி, சூடு மிதித்து, நெல் வீடு வந்து சேர்ந்த பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டு வயல்களில் எஞ்சிநிற்கும் ஈரத்தை வீணாக்காது அதன்மேற் சணல் விதைப்பது நம் கமக்காரரின் வழக்கம். அந்தச் சணல் நெஞ்சளவு உயர்ந்து பங்குனி வெயிலிற் பொன்னிறமாய்ப் பூக்கும்போது வழிப்போக்கரும் நின்று பார்ப்பர். கமக்காரனுக்கோ அப்பூ, மண்ணுக்கு உணவிடும் வேளை வந்ததென்று அறிவிக்கும் நாழிகை மணியாகும்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசனே எனினும், பயிர்கள் அதனை நேரே உண்ணும் ஆற்றலற்றவை. அவரையினத் தாவரங்களின் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்களே அதனைப் பயிருணவாக மாற்றித் தருகின்றன என்னும் உண்மையை, எல்றீகல், வில்பாத் என்னும் ஜேர்மனிய விஞ்ஞானிகள் 1888 ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துரைத்தனர். அவ்வினத்தைச் சேர்ந்த சணலைப் பிடுங்கி ஒரு கணுவை நகத்தாற் கீறிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பு நிறங் கண்டால், அத்தொழில் செவ்வனே நடைபெறுகின்றதென்று அறியலாம்.

விதைத்த 45 முதல் 60 நாட்களுக்குள், பூக்கத் தொடங்கும் பருவத்திற் சணலை மடக்கி உழுதல் வேண்டும். அதற்கு முன்னர் உழுதால் தழை போதாது. காய் முற்றியபின் உழுதாலோ, சத்து விதைக்குட் புகுந்துவிட, கயிறு திரிக்க உதவும் நார் தண்டில் வலுத்துவிடும். அத்தகைய வன்தண்டைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், அடுத்து நட்ட வெங்காயமோ மிளகாயோ சோளமோ சில காலம் வெளிறி நிற்கும். குளிர்நாடுகளிற் பனிக்காலத்து அவரையினப் பயிரை மடக்கிச் சோளம் விதைக்கும் உழவரும் இந்தப் பருவ நியதிக்குக் கட்டுப்பட்டவர்களே.

குடாநாட்டுக்கு இதில் இன்னுமொரு பொறுப்பு உண்டு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இந்நிலத்தில், சுண்ணாம்புக்கற் பாறைகளினூடே தேங்கும் மழைநீரே குடிநீர். தோட்டத்துக்கு இறைக்கும் நீரும் அதுவே. செம்மண்ணிற் பயிர் உண்ணாது மிஞ்சிய நைதரசன் நைத்திரேற்றாகி நீரோடு கரைந்து கிணற்றையே சென்றடைகின்றது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த எல்லையைக் குடாநாட்டின் வலிகாமத்துக் கிணறுகள் பல கடந்துவிட்டமையை 1980களிலேயே ஆய்வாளர் கண்டனர். அந்நீரிற் கரைத்த பாலுணவு, பச்சிளங் குழந்தைகளின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் வலுவைக் குறைக்க வல்லது.

செயற்கைப் பசளையைப் போலவே சணலின் நைதரசனும் கரைந்தோடக் கூடியது. ஐப்பசி மழைக்குச் சற்று முன்னர் தழையைத் தாழ்த்தித் தறையை வெறுமையாய் விட்டால், அதன் பயனும் கிணற்றுக்கே போகும். ஆதலின், தழை ஓரளவு மக்கியவுடன் அந்தச் சத்தை உறிஞ்ச ஒரு பயிரின் வேர் அங்கே காத்திருத்தல் வேண்டும். சணல் தாழ்த்திய தறைக்கு இடும் யூரியாவையும் அதற்கேற்பக் குறைத்தல் வேண்டும்.

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்து, சில மாதங்களிலேயே தடையை நீக்க நேர்ந்ததை நாம் கண்டோம். பசளையைக் கட்டளையால் ஒரே நாளில் நிறுத்திவிடலாம். மண்ணின் வளமோ ஒரே நாளில் வருவதன்று. சணல் பொசுபரசையும் பொற்றாசியத்தையும் காற்றிலிருந்து படைத்துத் தரமாட்டாது. அது தரும் நைதரசனும் போகத்துக்குப் போகம் சிறுகச் சிறுகவே சேரும். அந்தச் சிறு சேமிப்பைக் கணக்கில் வைத்து யூரியா மூட்டையை அளந்து அவிழ்க்கும் கமக்காரன், தன் தோட்டத்தோடு அயலவரின் குடிநீரையும் காக்கின்றான்.