மேலே நடப்பவர் நம் கடைவீதியில் இறங்க வேண்டும்



சென்ற மாதம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கத் தியாகராய நகர் போயிருந்தோம். மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கி, அப்படியே ஆகாய நடைமேம்பாலம் ஏறி, ஒரு வண்டிக்கும் ஒதுங்காமல் பஸ் நிலையம் வரை நடந்தோம். 2023 மே 16 அன்று முதலமைச்சர் திறந்து வைத்த பாலம் இது. நீளம் 570 மீட்டர், அகலம் 4.2 மீட்டர், செலவு சுமார் 28 கோடி ரூபாய். லிப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. முழங்கால் வலிக்காரனான எனக்குப் பெரிய உதவி.

ஆனால் வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? மேலிருந்து கீழே கடைகளைப் பார்த்தபடி வந்தேன். ஜவுளிக்கும் நகைக்கும் ஜனங்கள் தேடிப் போவார்கள். பூ, பொரி, கைக்குட்டை, மளிகைச் சில்லறைச் சாமான் எல்லாம் கண்ணில் பட்டால்தான் விலை போகும். கால் நடக்கிற வழியில்தான் கல்லா நிறையும்.

அமெரிக்காவில் மினியாபோலிஸ் என்ற குளிர்ப் பிரதேச நகரத்தில் 1962 முதல் கட்டடத்துக்குக் கட்டடம் மாடியிலேயே மூடிய பாலம் போட்டார்கள். இன்று சுமார் 15 கிலோமீட்டர் நீளம். பனியில் நனையாமல் நடக்கலாம். ஆனால் வியாபாரமும் மாடிக்கு ஏறிவிட்டது; தெருவில் இருந்த கடைகள் களையிழந்தன என்று அங்கேயே குறை சொல்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் காவேரிப்பாக்கம் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். சாலை நான்கு வழியான பிறகு, எதிர்ப்பக்கத்திலிருந்து பல வருடம் என்னிடம் சரக்கு எடுத்த ஒரு பெட்டிக்கடைக்காரர், "அண்ணாச்சி, தலையில் மூட்டையோடு ரோட்டைத் தாண்ட பயமாயிருக்கு" என்று வருவதையே நிறுத்திவிட்டார். எனக்குப் போனது ஒரு கணக்கு. ஆனால் அவர் பயம் நியாயமானது. ஆகவே நடைபாலத்தை நாம் எதிர்க்கக் கூடாது. கேட்டு வாங்க வேண்டும்.

கேட்கும்போது மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். படிக்கட்டு கடைவீதி முனையில் இறங்க வேண்டும். மூட்டையோடு வருபவரும் முதியவரும் ஏறச் சாய்தளமோ லிப்டோ வேண்டும். இல்லாவிட்டால் ஜனங்கள் பழையபடி சாலையில்தான் ஓடுவார்கள். படிக்கட்டுத் தூண் எந்தக் கடை வாசலையும் மறைக்கக் கூடாது.

வரைபடம் போடும்போதே சங்கத்தின் மூலம் மனு கொடுத்துவிட வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு கூச்சல் போட்டுப் பயனில்லை.