காதில் கிடப்பதை அடகு வைக்காமல் ஒரு லெப்டொப்

"மகளுக்குக் கெம்பஸ் கிடைச்சிருக்கு சேர். லெப்டொப் ஒண்டு எடுக்கோணும். காதில கிடக்கிறதை அடகு வைச்சாக் காணுமா?"

முல்லைத்தீவு மாவட்டத்தின் எமது கிராமமொன்றில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வணிகக் கற்கைகள் பீடத்துக்குத் தெரிவாகியிருந்தார். தகப்பனுக்குக் கூலி வேலை. உம்மாவின் கையில் இரண்டு தெரிவுகள் இருந்தன. ஒன்று, ஒரு கடை தவணைக்குத் தருவதாகச் சொன்ன புத்தம்புது லெப்டொப். முற்பணத்துக்குத்தான் காதணி. மற்றது, யாரோ போனில் அனுப்பிய விளம்பரம்: "ஐ7, பாவித்தது, 45,000 ரூபா."

இரண்டும் வேண்டாம் ராத்தா என்றேன். ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன். வருடா வருடம் பல பெற்றோர் இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாம்களில் வளர்ந்து, யுத்தம் முடிந்தபின் வன்னிக்குத் திரும்பிய குடும்பங்கள் எம்முடையவை. பல வீடுகளில் சேமிப்பு என்பது காதிலும் கழுத்திலும் கிடப்பது மட்டும்தான். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிப் பொருளான லெப்டொப்பின் விலையும் அதனோடு ஏறியது. ஆகவே ஒருமுறை பிழையாக வாங்கினால், இன்னொன்று வாங்க வழியில்லை.

பிள்ளை என்ன செய்யப் போகிறது?

கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கலை, வணிகம் படிக்கும் பிள்ளைக்கு ஒப்படை எழுதவும், எக்செல் கணக்குச் செய்யவும், சூமில் விரிவுரை கேட்கவும் ஒரு கருவி போதும். பொறியியல் வரைபடம், வீடியோ தொகுப்பு போன்றவற்றுக்கே கூடுதல் வலு தேவை. கேம் விளையாடும் இளைஞருக்குச் செய்த கருவியை வணிகம் படிக்கும் பிள்ளைக்கு விற்பது வியாபாரிக்கு லாபம், உங்களுக்குச் சுமை.

"ஐ7" என்ற எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

விளம்பரத்தில் இருந்த அந்த ஐ7, 4ஆம் தலைமுறையைச் சேர்ந்தது. பத்து வருடங்களுக்கு மேல் பழையது. இன்டெல் என்றால் ஐ5, ஐ7 என்பதற்கு அடுத்து வரும் இலக்கத்தைப் பாருங்கள். 4300 என்றால் 4ஆம் தலைமுறை, 8250 என்றால் 8ஆம் தலைமுறை, 1135 என்றால் 11ஆம் தலைமுறை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்ற இடத்தில் இது தெரியும்.

இது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். பழைய கருவிகளைச் சிலர் மலிவாகத் தள்ளிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே வீட்டில் பழையது இருந்தால் எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ட், லிப்ரே ஒபிஸ் இரண்டும் இலவசம். ஒரு பாடசாலைப் பிள்ளைக்கு அது இன்னும் சில வருடம் உழைக்கும்.

அடுத்து இரண்டு விடயங்கள். ரெம் 8 ஜிபி இருக்க வேண்டும். சேமிப்பகம் ஹாட் டிஸ்க்காக இல்லாமல் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும்.

புதியது எல்லாம் நல்லது என்றும் இல்லை. கொரோனாக் காலத்தில் என் சகோதரியின் மகனுக்கு மலிவான புது லெப்டொப் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். செலரோன் செயலி, 4 ஜிபி ரெம். ரெம்மைக் கூட்டவும் வழியில்லை. சூம் திறந்தால் வேறொன்றும் திறக்காது. அந்தப் பணத்துக்குப் பாவித்த நல்ல ஐ5 ஒன்று கிடைத்திருக்கும். பெட்டியின் புதுமையைப் பார்த்து ஏமாந்தது என் தவறு.

சோதித்து வாங்குங்கள்

முழுக்கச் சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றிவிட்டு, கடையிலேயே அரை மணித்தியாலம் வீடியோ ஓடவிடுங்கள். பட்டரியின் நிலை தெரிந்துவிடும். ஒவ்வொரு விசையையும் அழுத்துங்கள். கெமரா, மைக், வைஃபை, சார்ஜர் துவாரம் எல்லாவற்றையும் பாருங்கள். நிறுவனங்கள் கழித்த லெப்டொப் என்றால் பழைய கடவுச்சொல் பூட்டு ஏதும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பற்றுச்சீட்டில் தொடரிலக்கம் எழுதப்பட வேண்டும்.

கொழும்பில் சில ஆயிரம் குறையலாம். ஆனால் பழுதானால் திரும்பிப் போக பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும். உத்தரவாதம் தரும் கடை வவுனியாவில் இருந்தால் அதுவே மலிவு.

மார்க்கம் தரும் பாதுகாப்பு

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். குறையை மறைத்து விற்பது கூடாது. மறைந்திருந்த குறை பின்னர் தெரிந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அத்தோடு, மூன்று நாட்களுக்குள் திருப்பலாம் என்று இருவரும் நிபந்தனை பேசிக்கொள்ள ஷாபிஈ மத்ஹபில் இடமிருக்கிறது. இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள்.

தவணையிலும் கவனம் தேவை. மொத்த விலையும் தவணைகளும் ஒப்பந்தத்தின்போதே முடிவானால், ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருந்தாலும் கூடும் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. பிந்தினால் மேலதிகமாக அறவிடுவோம் என்ற வரி இருந்தால் அது வட்டி. நகையை வட்டிக்கு அடகு வைப்பதும் அதுதான். கையொப்பத்துக்கு முன் படிவத்தை மௌலவி ஒருவரிடம் காட்டுங்கள்.

அந்தத் தாய் அடகு வைக்கவில்லை. அவருடைய தம்பி வட்டியில்லாக் கடன் கொடுத்தார். வவுனியாவில் பாவித்த 8ஆம் தலைமுறை ஐ5 ஒன்றை மூன்று நாள் நிபந்தனையோடு வாங்கினோம். இரண்டாம் நாள் சார்ஜர் சூடேறியது. கொண்டு போனோம். கடைக்காரர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, பேச்சில்லாமல் மாற்றித் தந்தார்.

தம்பி இல்லாத தாய்மார் எங்கே போவார்கள்? பள்ளிவாசல் நிருவாகங்களிடம் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் பிள்ளைகளுக்காக, திருப்பிக் கட்டும் ஒரு சிறிய கர்ழன் ஹஸனா நிதியை ஆரம்பியுங்கள். ஒரு பிள்ளை கட்டி முடித்த பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். கடைக்குத் துணைக்கு வர என் போன்ற ஆசிரியர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்போம். கூப்பிடுங்கள், வருகிறோம்.